ஆட்டுக்காரப் பெண்ணின் கன்னம்

சிட்டு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். வெளியே அவள் அம்மாவும் அத்தையும் மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் கதையை அங்கேதான் விட்டோம். கதவு திறந்துவிட்டது, கவலைப்படாதீர்கள். பசி வந்துவிட்டால் எட்டு வயதுப் பிடிவாதம் எவ்வளவு நேரம் தாங்கும்? ஆனால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பிடித்த பிடியை மட்டும் அவள் விடவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இடது கண்ணுக்குக் கீழே முதலில் கடுகளவு ஒரு வெள்ளை. பிறகு அது கன்னத்தில் இறங்கியது. பிறகு உதட்டோரம், விரல் நுனி. டாக்டர் பார்த்துவிட்டு, வலிக்காது, ஒட்டாது, பரவினாலும் பரவலாம், நின்றாலும் நிற்கலாம் என்றார். ஒட்டாது என்பது டாக்டருக்குத் தெரியும். கை கோத்து விளையாடும்போது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்ட வகுப்புத் தோழிக்கு அது தெரியவில்லை. அன்றிலிருந்து சிட்டு வீட்டில்தான்.

அப்பா சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறார். நடுக்கடலில் முகம் பார்த்துப் பேச வழியில்லை. ஆகவே உதவிக்கு வந்தது அவருடைய தங்கை. மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு, மாற்றுத்துணி இரண்டும் புத்தகங்கள் ஒரு மூட்டையுமாக வந்து இறங்கிவிட்டாள்.

சிட்டுவின் அம்மாவுக்கு நாத்தனாராகும் இந்த அத்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். காய்ச்சல் மருந்து வாங்க வருகிறவர்களிடம் மருந்தோடு ஒரு குழந்தைப் புத்தகத்தின் பெயரையும் சொல்லி அனுப்புகிறவள் அவள். தன் அம்மா இறந்த வருஷம் அழுது முடிக்கத் தெரியாமல் படக்கதைகளைக் கையில் எடுத்தாள். படித்ததை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்க, ஒரு வலைப்பூ தொடங்கினாள். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே கண்ணாமூச்சியில் எல்லோரையும் ஜெயிக்கும் பெண், இரண்டு வீட்டில் இரண்டு பல்துலக்கி வைத்திருக்கும் பையன், லாரியின் பின்னால் ஏறி ஊரைவிட்டு வந்த குடும்பம், பேசாமல் வரைந்தே சண்டை போடும் குழந்தை என்று உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் அவள் வலைப்பூவில் வந்து உட்கார்ந்தார்கள்.

சிட்டுவின் அம்மா அதை முதல் நாளிலிருந்து படித்து வருகிறாள். ஆனால் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால் நாத்தனாரைத் தரையில் பிடிக்க முடியாது என்பது அவள் கணக்கு.

அன்று காலை வழக்கம்போல அவள் சிட்டுவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, பழுப்பு நிறக் க்ரீமை விரலில் எடுத்தாள். நடுவில் கொஞ்சம் கனமாக, ஓரத்தில் தேய்த்து மெலிதாக. வெள்ளை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்துவிடுவாள். வேலை பார்க்கும் அச்சகத்தில் அவள் செய்வதும் அதேதான். ஸ்கேன் செய்த படங்களில் இருக்கிற கறை, கீறல், தூசி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்துச் சுத்தமாக்குவாள். "உன் கை பட்டா நிலாவுலகூட கறை இருக்காது" என்று மேனேஜர் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்ததுண்டு.

"அம்மா, நான் வீட்டுலதானே இருக்கப் போறேன்?" என்றாள் சிட்டு.

"ஆமா."

"அப்போ யாருக்காகப் பூசுற?"

விரல் அப்படியே நின்றது. சமையலறை வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

"வெயில் படும்ல," என்று எதையோ சொல்லிவிட்டு அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனைத் திறந்தாள். நாத்தனார் புதிதாக எழுதியிருந்தாள்.

'எங்கள் வீட்டு வாசகி ஒரு பை நிறையப் புத்தகங்களைத் தள்ளிவிட்டாள். எல்லாமே தோலில் வெண்புள்ளி உள்ள பெண்ணைப் பற்றியவை. நானே தேடித் தேடிக் கொண்டுபோனவை. எல்லாவற்றிலும் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, நீயும் அழகுதான் என்கிறார். எங்கள் வாசகி கேட்கிறாள்: நான் அழகான்னு இப்போ யாரு கேட்டா? அந்தப் பொண்ணுக்கு வேற வேலையே இல்லையா? எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.'

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. கீழே முன்பின் தெரியாத அம்மாக்களும் அப்பாக்களும் வரிசையாகப் பதில் எழுதியிருந்தார்கள். ஓர் அம்மா எழுதியிருந்தாள்: 'என் மகனுக்குப் பிடித்தது, திருடனைத் துரத்திப் பிடிக்கிற ஒரு பையனின் கதை. அந்தப் பையன் காதில் கருவி மாட்டியிருப்பான். கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. படத்தில் மட்டும் இருக்கும். என் மகன் அதைத்தான் தினமும் எடுத்துக்கொண்டு தூங்குகிறான்.'

இன்னொருவர் ஒரு படி மேலே போய்த் தகவலே கொடுத்திருந்தார்: 'கூரையில் ஏறிய ஆடு என்று ஒரு படக்கதை அச்சில் இருக்கிறதாம். ஆட்டுக்காரப் பெண்ணுக்குக் கன்னத்திலும் கையிலும் வெண்புள்ளி உண்டு. கதையில் யாரும் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். எல்லோருக்கும் ஆட்டைப் பற்றித்தான் கவலை.'

அதை மட்டும் அவள் இன்னொரு தடவை படித்தாள்.

ஏனென்றால் அந்தப் புத்தகம் அவளுக்குத் தெரியும். இந்த வாரத் தொடக்கத்தில் அவள்தான் அதைச் சுத்தம் செய்தாள். வரைந்தவர் மூலப்படங்களை எங்கோ ஈரச்சுவர் ஓரமாக வைத்திருந்திருக்கிறார். தாளெல்லாம் பூஞ்சணம் பூத்து, வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். 'வெள்ளைப் புள்ளிகளை எடுக்கவும்' என்று வேலைச்சீட்டில் எழுதி வந்தது. அவளும் எடுத்தாள். வானத்தில் எடுத்தாள், ஓட்டில் எடுத்தாள், ஆட்டின் தாடியில் எடுத்தாள். அந்தப் பெண்ணின் கன்னத்திலும் எடுத்தாள்.

பூஞ்சணம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கன்னத்தில், ஒரே இடத்திலா பூக்கும்? அந்தக் கேள்வி அன்றைக்கே வந்திருக்கவேண்டும். தினமும் காலையில் அதே இடத்தில், அதே நிறத்தை நிரப்பிப் பழகிய கை, கேள்வி கேட்காமல் நிரப்பிவிட்டுப் போய்விட்டது. ஊரில் எத்தனையோ பேர் படங்களைச் சுத்தம் செய்கிறார்கள். இந்தத் தப்பைச் செய்ய அவள் ஒருத்தியால்தான் முடியும்.

இன்று காலைதான் அந்தப் புத்தகம் மெஷினில் ஏறுகிறது.

இறங்கவேண்டிய இடத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அவள் குதித்து இறங்கி ஓடினாள்.

அச்சுக்கூடத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் 'மெஷின் அண்ணன்' என்று கூப்பிடுகிற மெஷின் ஓட்டுபவர், புதிதாக விழுந்த ஷீட் ஒன்றை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல். நிறம் சரியாக அமைந்துவிட்டால் அவர் முகம் அப்படித்தான் ஆகும்.

"பாரும்மா, பச்சை எப்படி நிக்குது பாரு!"

அவள் பச்சையைப் பார்க்கவில்லை. ஏணியின் உச்சியில் ஏறி நின்று ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கன்னத்தைப் பார்த்தாள். வழுவழுவென்று, ஒரு சின்னக் குறைகூட இல்லாமல், அழகாக இருந்தது. தன் வேலையைப் பார்த்து அவளுக்கு இவ்வளவு வெறுப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, நிறுத்துங்க."

"என்னது?"

"மெஷினை நிறுத்துங்க அண்ணே. தப்பாயிடுச்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

மெஷின் அண்ணனுக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று பெயர். ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்கிறவர்களை அவர் லேசில் விட்டதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர் நேராகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு வேலை முடிந்துவிட்டது என்றால் அதைத் திரும்பிப் பார்ப்பது அவருக்கு அறவே ஆகாது. அவள் சொன்னதை எல்லாம் பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"ப்ரூஃப் அனுப்பினோம்ல? பார்ட்டி ஓகேன்னு கையெழுத்துப் போட்டாச்சும்மா."

"எழுத்துப்பிழை மட்டும் பார்த்துட்டுப் போட்டிருக்காங்க சார். படம் வரைஞ்சவங்க பார்க்கலை."

"வெள்ளைப் புள்ளியை எடுன்னு சீட்டுல எழுதினது யாரு? அவங்க. எடுத்தது நாம. நம்ம மேல என்ன தப்பு? புள்ளி இல்லாட்டியும் கதை கதைதானே? யாருக்குத் தெரியப் போகுது, சொல்லு."

இந்த அச்சகத்தில் அவள் வீட்டுக் கதை யாருக்கும் தெரியாது. மேஜையில் சிட்டுவின் படம் வைக்கும் வழக்கத்தையும் கொஞ்ச நாளாக நிறுத்தியிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"என் பொண்ணு முகத்துல இருக்கு சார். அதே கன்னத்துல. அவ பள்ளிக்கூடம் போறதில்ல. புத்தகமா வாங்கிக் குடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணும் பிடிக்கலை. எங்கேயோ இருக்கிற ஒருத்தங்க அவளை மாதிரி ஒரு பொண்ணை ஏணியில ஏத்தி விட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு முகத்தை நான் என் கையாலேயே அழிச்சிட்டேன். இப்படியே வெளிய போச்சுன்னா, என்னால என் பொண்ணு முகத்துல முழிக்க முடியாது சார்."

மேனேஜர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். மெஷின் அண்ணன் கையிலிருந்த துணியால் துடைக்கவேண்டிய அவசியமே இல்லாத மேஜையைத் துடைத்தார்.

"அந்த சோப்பு டப்பா அட்டை அடிக்கிற வேலை நிக்குதுல்ல, அதை மெஷின்ல ஏத்துய்யா," என்றார் மேனேஜர் கடைசியில். "நீ போம்மா. சாயங்காலம் ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள அச்சடிக்கப் புது பிளேட் வேணும். அதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

பழைய ஸ்கேன்கள் பத்திரமாகத்தான் இருந்தன. அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். அப்போதுதான் வேலையின் கஷ்டம் புரிந்தது. பூஞ்சணமும் வெள்ளை, புள்ளியும் வெள்ளை. கன்னத்தில் இருப்பது சரி, தெரிகிறது. கழுத்தில் இருப்பது? விரலில் இருப்பது? ஏணிப்படியில் ஊன்றிய முழங்கையில் இருப்பது? பூஞ்சணத்தை விட்டாலும் தப்பு, புள்ளியை எடுத்தாலும் தப்பு. பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். வரைந்தவர் எங்கோ பிரயாணத்தில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை, முயற்சி செய்கிறோம் என்றார்கள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். மகள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். வரவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் க்ரீம் பூசிய முகம்தான்.

உடனே நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"சிட்டுவைக் கூட்டிக்கிட்டு இங்க வர முடியுமா?"

"அச்சகத்துக்கா? என்ன ஆச்சு அண்ணி? உங்க குரலே சரியில்லையே."

"கூரையில ஏறிய ஆடு இங்கதான் இருக்கு."

"அண்ணி... அது என் ப்ளாக்ல வந்த கமெண்ட் ஆச்சே. நீங்க என் ப்ளாக் படிக்கிறீங்களா?"

"பஸ்ல வரும்போது கண்ணுல பட்டுச்சு."

"எப்போலேர்ந்து கண்ணுல படுது?"

"முதல்லேர்ந்து," என்றாள் அவள். "சிட்டு கைக்குழந்தையா இருக்கும்போது உங்க அண்ணன் கப்பல்ல, நான் தனியா. அதைப் படிச்சுத்தான் பொழுதை ஓட்டினேன். இப்போ அதெல்லாம் எதுக்கு? சீக்கிரம் வா."

"இத்தனை வருஷத்துல ஒரு லைக்காவது போட்டிருக்கலாம்ல!" என்று நாத்தனார் கத்தியது பக்கத்து மேஜை வரை கேட்டது. குரல் சிரிப்பில் உடைந்ததா அழுகையில் உடைந்ததா என்று தெரியவில்லை. போன் கட்டாகிவிட்டது.

அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் வந்து இறங்கினார்கள். சிட்டு முகத்தை அத்தையின் கைக்குள் புதைத்துக்கொண்டுதான் அச்சுக்கூடத்தைக் கடந்தாள். மெஷின் அண்ணன் அவளைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார். பெரிய மனிதருக்கு வைக்கிற வணக்கம். அவள் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மா ஒன்றும் விளக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, பழைய ஸ்கேனின் முதல் பக்கத்தைத் திரையில் போட்டாள். நாத்தனார் வழக்கம்போல் குரல் மாற்றி மாற்றிப் படிக்கத் தொடங்கினாள். ஆட்டுக்குக் கரகரப்பான ஒரு குரல், ஊர்த்தலைவருக்கு மூக்கால் பேசுகிற ஒரு குரல்.

கதை இதுதான். ஆடு ஊர் மன்றத்தின் கூரையில் ஏறிவிடுகிறது. இறங்க மறுக்கிறது. ஆளாளுக்கு ஒரு யோசனை. ஒருவர் மேளம் கொண்டுவருகிறார், ஒருவர் வலை கொண்டுவருகிறார், ஊர்த்தலைவர் சொற்பொழிவு ஆற்றுகிறார். ஆட்டுக்காரப் பெண் ஏணி வைத்து மேலே ஏறுகிறாள். ஏறிப் பார்த்தால் காற்று நன்றாக இருக்கிறது. ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுகிறாள். சொற்பொழிவு கேட்டு அலுத்துப்போன ஊர் ஜனங்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போகிறார்கள். வேடிக்கை பார்க்க ஆள் இல்லை என்றதும் ஆடு தானாக இறங்கி வந்துவிடுகிறது.

சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பைக் கேட்டே எத்தனையோ நாளாகிவிட்டது என்பது அவள் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புள்ளியைப் பற்றி ஏதாவது சொல்வாளா என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். சிட்டு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"இன்னொரு தடவை படி அத்தை. ஊர்த்தலைவர் பேசுறதுலேர்ந்து."

இரண்டாம் தடவை ஏணிப் பக்கம் வந்தபோதுதான் அவள் திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள்.

"இவளுக்கும் இருக்கு."

"ஆமாண்டா," என்றாள் அத்தை, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"ரொம்பத் திமிர் பிடிச்சவ இவ," என்றாள் சிட்டு. "எனக்குப் பிடிச்சிருக்கு."

அம்மா அவள் முன்னால் மண்டியிட்டாள். நடந்ததைச் சொன்னாள். இந்தப் பெண்ணின் முகத்தில் இருந்ததை அழுக்கு என்று நினைத்துத் தானே அழித்துவிட்டதையும், இப்போது எது அழுக்கு, எது அவளுடையது என்று தெரியாமல் முழிப்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். சிட்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"இதுகூடத் தெரியலையா உனக்கு? இது பூஞ்சணம். ஓரம் பாரு, தூள் தூளா இருக்கு. எனக்கு ஓரம் இப்படியா இருக்கு?"

"எப்படி இருக்கும்?"

"பாரு," என்று கன்னத்தைக் காட்டினாள். காட்டிய கன்னத்தில் க்ரீம் இருந்தது.

அந்த அறை மூலையில் நிறம் பார்ப்பதற்கென்றே ஒரு விளக்குப் பெட்டி உண்டு. அதன் வெளிச்சத்தில் எந்த நிறமும் கூடாது, குறையாது. உள்ளது உள்ளபடி தெரியும். அவள் சிட்டுவை அதன் முன்னால் நிறுத்தி, கைக்குட்டையை நனைத்துத் துடைத்தாள். மெதுவாகத்தான் துடைத்தாள். அப்புறம் பார்த்தாள்.

வெள்ளை இல்லை அது. லேசாக ரோஜா கலந்த பால் நிறம். ஓரம் தூளாக இல்லை. வளைந்து வளைந்து போனது. ஓரத்தை ஒட்டி தோல் ஒரு கோடாகக் கொஞ்சம் கறுத்திருந்தது. கீழ் இமையில் நாலைந்து மயிர் வெளுத்திருந்தது. இதையெல்லாம் அவள் பார்த்ததே இல்லை. மூடுவதற்காக இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை. பெற்ற மகளின் முகம். ஒவ்வொரு துண்டையும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டிய முகம். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாத அம்மா. வேலையைப் பாரு. அந்த அங்கிள் மெஷினை வெச்சுக்கிட்டுக் காத்துட்டிருக்காரு."

வேலையைப் பார்த்தார்கள். சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்ல, அம்மா எடுத்தாள், விட்டாள். கழுத்தில் இருப்பது புள்ளி. வானத்தில் இருப்பது பூஞ்சணம். விரல் நுனிக்கு வந்தபோது சிட்டு தன் விரலையே திரையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "இது நம்மளோடது" என்றாள்.

"முட்டியில இருக்கிறது?"

"அது புள்ளியும் இல்ல, பூஞ்சணமும் இல்ல. ஏணியில ஏறினா சிராய்க்கும்ல? உனக்கு ஒண்ணுமே தெரியலை அம்மா."

நாத்தனார் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடுவில் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. வரைந்தவர் ஒரு வழியாகக் கிடைத்துவிட்டாராம். புதிய பக்கங்களைப் போனில் அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: எல்லாம் சரி, அந்த முட்டிச் சிராய்ப்பைக்கூட விடாமல் வைத்தது யார் என்று கேட்டிருந்தார். சிட்டுவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கூரையில் ஏறிய ஆடு தோற்றுப்போகும்.

ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குச் சற்று முன்னால் புது பிளேட்டுகள் மெஷினில் ஏறின. மெஷின் அண்ணன் பொத்தானை அழுத்துகிற மரியாதையைச் சிட்டுவுக்கே கொடுத்தார். தாள்கள் சரசரவென்று விழுந்தன. அவர் ஒன்றை உருவி விரித்துக் காட்டினார். ஏணி உச்சியில் அந்தப் பெண், கன்னத்தில் புள்ளியோடு, ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"பச்சை எப்படி நிக்குது பாரு பாப்பா," என்றார் அவர்.

"பச்சை சூப்பர்," என்றாள் சிட்டு.

அந்த நேரத்தில்தான் மேஜையிலிருந்த போன் அடித்தது. நாத்தனார் எடுத்துப் பார்த்துவிட்டுக் கூவினாள்: "அண்ணன்! கப்பல் கரைக்கு வந்துடுச்சு போல. வீடியோ கால்!"

சிட்டுவின் அம்மா போனை வாங்க அவசரமாகக் கை நீட்டினாள்.

இந்த ஒரு விஷயத்தை நாத்தனாரிடம்கூட அவள் சொன்னதில்லை. கப்பலுக்கு அவள் அனுப்பிய படங்கள் ஒவ்வொன்றையும் அனுப்புவதற்கு முன்னால் சுத்தம் செய்திருந்தாள். அங்கே தனியாகக் கிடந்து மனுஷன் கவலைப்படுவாரே என்றுதான் தொடங்கினாள். ஆறிக்கொண்டு வருகிறது என்று எழுதினாள். அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் நிரப்பினாள். அப்புறம் நிறுத்த வழி தெரியவில்லை. அவர் அறையில் ஒட்டிவைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது, புள்ளியே இல்லாத ஒரு சிட்டுவை.

"குடு அத்தை, நான் பேசுறேன்!"

"சிட்டு, இரு..."

அதற்குள் சிட்டு போனைப் பிடுங்கிக்கொண்டு விளக்குப் பெட்டிக்கு முன்னால் ஓடிவிட்டாள். துடைத்த முகம் துடைத்தபடி இருந்தது. உள்ளது உள்ளபடி காட்டுகிற அந்த வெளிச்சத்தில் நின்று, "அப்பா! ஒரு ஆடு கூரையில ஏறிடுச்சுப்பா!" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஊர்த்தலைவர் வரைக்கும் சொன்னாள்.

அந்தப் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் என்னவோ கேட்டார். சிட்டு கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள், விரல்களை விரித்துக் காட்டினாள், "இல்லப்பா, வலிக்கலை" என்றாள். இன்னொரு கேள்வி. "போன வாரமா? போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள்.

அவள் அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். நாத்தனார் அண்ணியின் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கும் விளங்கியது. வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிட்டு போனை நீட்டியபடி திரும்பி வந்தாள்.

"அம்மா, அப்பா உன்கிட்ட பேசணுமாம். கோபமா இல்ல. ஆனா சிரிக்கவும் இல்ல."

மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. சிக்னல் இல்லை என்று சொல்லிக் கட் பண்ணிவிடலாம் போலவும் இருந்தது. அவள் நாத்தனாரின் கையை விடுவித்துக்கொண்டு போனை வாங்கினாள். தானும் அந்த விளக்குப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, கணவரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொல்றேங்க," என்றாள். "எல்லாத்தையும் சொல்றேன். முதல்ல, நீங்க சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்களே, அந்தப் போட்டோவை எடுத்துடுங்க. அது நம்ம பொண்ணு இல்ல."